கரைக்குத் திரும்பும் முக்கு

திருமங்கலத்திலிருந்து கப்பலூருக்குச் சைக்கிளில் போக எனக்கு இரண்டு வழிகள் இருந்தன. நாலுவழிச் சாலையை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில் போனால் அரை மணி நேரம். கண்மாய்க் கரை மேல் போகும் மண்பாதையில் போனால் கூடக் கால் மணி நேரம் ஆகும். ரோட்டில் லாரி பயம். கரையில் ஆள் நடமாட்டமே கிடையாது.

தொழிற்பேட்டையில் ஒரு சின்னக் கம்பெனியில் நான் கிளார்க். பசுமலையில் வாத்தியார் வீட்டில் பிறந்து திருமங்கலத்தில் வாக்கப்பட்டவள். வீட்டில் ஸ்கூட்டர் இருந்தது. சர்க்கரை கூடிவிட்டது, உடம்பை அசைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால் நாற்பத்திரண்டு வயதில் சைக்கிள் வாங்கினேன். பேக்கிங் பிரிவில் இருந்த அக்காவின் கதை வேறு. வயக்காட்டுக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த முதல் ஆள் அவர். அவரிடம் இருந்தது ஒரு சைக்கிள் மட்டும்தான். பல வருஷங்களாக சர்வீஸ் ரோட்டிலேயே வந்து போய்க்கொண்டிருந்தார்.

ரோட்டில் மூன்று நாள் ஓட்டியதிலேயே எனக்குப் போதும் என்றாகிவிட்டது. கரை வழியாகப் போகலாமா என்று அவரிடம் கேட்டேன்.

“அந்தப் பக்கம் ஈ காக்கா இருக்காதே மேடம். ஒத்தையில போக மாட்டேன். நீங்க வந்தீகன்னா நானும் வாரேன்.”

அதற்காக அவர் கால் மணி நேரம் முன்னதாக எழுந்து சோறு பொங்க வேண்டியிருந்தது. அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. ஏழு மணிக்கு, ரோட்டிலிருந்து பாதை கரைக்குத் திரும்பும் முக்கில் சந்திப்போம். பெரும்பாலும் அவர்தான் முதலில் வந்து நிற்பார். இரண்டு மாதம் அப்படிப் போனோம். வழி நெடுக அவர் மருமகளைப் பற்றிப் பேசுவார், நான் என் மாமியாரைப் பற்றிப் பேசுவேன். இருவரும் சிரித்துக்கொண்டே மிதிப்போம்.

கார்த்திகையில் ஒரு காலை தூறிக்கொண்டிருந்தது. “கரையெல்லாம் சகதியா கெடக்கும். வா, ஸ்கூட்டர்ல விட்டுர்றேன்” என்றார் என் கணவர். போன் கையில்தான் இருந்தது. அக்காவின் எண்ணை எடுத்தும் விட்டேன். ஸ்கூட்டரில் போகிறேன் என்று சொல்ல ஏனோ கூச்சமாக இருந்தது. மழையைப் பார்த்து அவரே ரோட்டு வழியாகப் போய்விடுவார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனைப் பையில் போட்டேன். ஸ்கூட்டர் மெயின் ரோட்டில் போனதால் அந்த முக்கு கண்ணில் படவில்லை.

எட்டரை மணிக்கு வாட்ச்மேன் ஆபீசுக்கு ஓடி வந்தார். “பேக்கிங் அக்கா ரோட்டுல அடிபட்டுக் கெடக்காங்க.”

ஏழரை வரை முக்கில் எனக்காக நின்றிருக்கிறார். எட்டு மணிக்குள் கம்பெனி வருகை மெஷினில் கைரேகை வைக்கவேண்டும். அந்த முக்கு இருப்பது வண்டிகள் எதிரே வரும் பக்கம். பாலத்தடியில் சுற்றி மறுபக்கம் போக நேரமில்லை என்று, சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையிலேயே வந்திருக்கிறார். ஒரு லோடு வேன் ஹேண்டில்பாரைத் தட்டிவிட்டது. இடது தோள்பட்டை எலும்பு இரண்டாக உடைந்துபோயிற்று.

விபத்து அறிக்கை எழுதுவது என் வேலை. மேனேஜர் சொல்லச் சொல்ல டைப் அடித்தேன். ‘ஊழியர் எதிர்த்திசையில் வந்ததே விபத்துக்குக் காரணம்.’ அந்த வரியை அடித்தபோது கை நிற்கவில்லை. எழுத்துப் பிழை இருக்கிறதா என்றுகூடச் சரிபார்த்தேன்.

மறுநாள் மருத்துவமனைக்குப் போனேன். கட்டுப் போட்ட தோளோடு படுத்திருந்தவர் என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தார்.

“உங்களக் காணோமேன்னு நின்னேன் மேடம். ஒடம்புக்கு முடியலையோன்னு ஒரே வெசனமாப் போச்சு.”

“ஆமாக்கா. காய்ச்சல்” என்றேன்.

“இப்ப தேவலையா?” என்று கேட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மருமகள் எனக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். அதைத் தின்றேன்.

மூன்று மாதம் கழித்து அக்கா வேலைக்குத் திரும்பினார். இடது கையைத் தோளுக்கு மேலே தூக்க வரவில்லை. பெட்டி அடுக்க முடியாது என்று ஸ்டிக்கர் ஒட்டும் மேஜைக்கு மாற்றினார்கள். சைக்கிளை அவர் மகன் யாருக்கோ கொடுத்துவிட்டான். பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தார். ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், குழாயடியில் அவர் ஒற்றைக் கையால் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல் இல்லை என்றும், ஸ்கூட்டரில் போனேன் என்றும்.

குழாயை மூடினார். “ஒரு போன் போட்டிருக்கலாம்ல மேடம்?”

ஈரக் கையைச் சேலையில் துடைத்தார்.

“ஒருத்தி நிக்கிறாளேன்னு நெனப்பே வரலையா?”

“வந்துச்சுக்கா.”

“வந்துமா?” என்றார்.

சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். டிபன் பாக்ஸை உதறி மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அவருக்கும் லேசாக இருந்திருக்குமோ என்று பலமுறை நினைத்திருக்கிறேன். அப்படி நினைப்பதும் என் பாரத்தைக் குறைக்கத்தான்.

அன்று சாயங்காலம் மேனேஜரிடம் போய், அக்கா எனக்காகக் காத்து நின்று நேரமானதால்தான் அப்படி வந்தார் என்று அறிக்கையில் இன்னொரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். “அது அனுப்பி எம்புட்டு நாளாச்சு? விடுங்கம்மா” என்றார். விட்டுவிட்டேன்.

அக்கா இப்போதும் என்னோடு பேசுவார். லீவு லெட்டர், சம்பளச் சீட்டு, அவ்வளவுதான். மருமகளைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை.

போன மாதம் ஒரு நாள் கரை வழியாகத் தனியாகப் போய்ப் பார்த்தேன். பாதி தூரத்தில், கருவேலம் புதருக்குப் பக்கத்தில் ஆளில்லாமல் ஒரு பைக் நின்றது. யாருடையதோ, எதற்கு நின்றதோ. சைக்கிளைத் திருப்பி, பின்னால் பார்க்காமல் மிதித்தேன்.

இப்போது சர்வீஸ் ரோட்டில்தான் போகிறேன், பாலத்தடியில் சுற்றிக்கொண்டு. பஸ் நிறுத்தத்திலிருந்து அக்கா நடந்து வருவது சில நாள் தெரியும். அவரைத் தாண்டும்போது மணி அடிப்பதா, இறங்கிக் கூட நடப்பதா என்று தெரிவதில்லை. அவர் கம்பெனி கேட்டுக்குள் போகும் வரை, பின்னாலேயே மெதுவாக உருட்டிக்கொண்டு வருகிறேன்.