ஜீப்காரர் பங்கிராஸின் வாய்

அனுமந்தன்பட்டி பங்கிராஸுக்குச் சொத்து என்று இருந்தது வாய் ஒன்றுதான். கம்பத்திலிருந்து கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். விடிவதற்கு முன்பே ஸ்டாண்டில் நின்று, "கம்பம்மெட்டு, புளியன்மலை, வண்டன்மேடு" என்று தொண்டை கிழியக் கூவுவார். மற்ற டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். இவருக்கு அது தேவைப்படவில்லை. அப்படிப்பட்ட மனிதருக்கு வந்த நோயைப் பாருங்கள். முதலில் கை விழுந்தது, பிறகு கால். மதுரையில் காட்டியதற்கு, நரம்பு நோய், மருந்து கிடையாது, போகப் போகப் பேச்சும் போய்விடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

பிள்ளைகள் இல்லை. சம்பாதித்தவர் படுத்துவிட்டதால், அவர் மனைவி ஜெயமேரி அதே மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போனாள். வேல்பாண்டியின் ஜீப் காலையில் வாசலுக்கு வந்து ஏற்றிப்போகும், பொழுது சாயக் கொண்டுவந்து விடும். மதியம் மட்டும் அடுத்த வீட்டுப் பூமாரி காட்டிலிருந்து வந்து கஞ்சி ஊட்டிவிட்டுப் போவாள். அவளிடம் போன் கிடையாது. மற்ற நேரமெல்லாம் பங்கிராஸ் தனி.

ஜெயமேரியின் தம்பி ரூபனுக்குக் கம்பத்தில் செல்போன் பழுதுபார்க்கும் கடை. அவன்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தான். தலைமாட்டில் ஒரு போனை மாட்டினான். நாமே ஒரு சொல்லைத் தேர்ந்து நம் குரலில் பதிந்துவிட்டால், அதைக் கேட்டதும் போன் வேலையைச் செய்யும். விளக்கு, மின்விசிறி, டிவி, ஜெயமேரிக்கு அழைப்பு. என்ன சொல் வைக்கலாம் என்றதும் ஜெயமேரி யோசிக்கவே இல்லை. விளக்குக்கு அந்தோணியார், விசிறிக்குச் செபஸ்தியார், டிவிக்குச் சவேரியார், அழைப்புக்குச் சூசையப்பர். ஆளுக்கொரு புனிதர் காவலிருந்தால் நல்லதுதானே என்பது அவள் கணக்கு.

அன்று சாயங்காலமே கணக்கு உதைத்தது. வீட்டு ஜெபத்தில் பங்கிராஸ் வழக்கம்போல, புனிதர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி வேண்டும் மன்றாட்டு மாலையைக் கணீரென்று சொல்லத் தொடங்கினார். விளக்கு அணைந்தது, விசிறி சுற்றியது, டிவியில் சோப்பு விளம்பரம் ஓடியது, ஜெயமேரியின் மடியில் போன் அலறியது. அவள் ஜெபத்தை விட்டுவிட்டுச் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். நோய் வந்தபின் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

ரூபன் மறுநாள் வந்து தலையில் அடித்துக்கொண்டான். "மச்சான், வீட்ல பொழங்குற சொல்லு ஆகாது. நீளமா இருக்கணும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது. இல்லாட்டி போன் கொழம்பிரும்."

"அப்ப நம்ம ரூட்டையே வையி மாப்ள," என்றார் பங்கிராஸ். "இனி அந்தப் பேரெல்லாம் இங்கன யாரு சொல்லப் போறா?"

கம்பம்மெட்டு என்றால் விளக்கு. புளியன்மலை என்றால் விசிறி. வண்டன்மேடு டிவிக்கு. நெடுங்கண்டம் என்றால் ஜெயமேரி. கொஞ்ச காலம் பிசகில்லாமல் நடந்தது. படுத்தபடியே மலையேறுகிற திருப்தி அவருக்கு.

பிறகு நாக்கு தடித்தது. விளக்கைக் கேட்டால் டிவி ஓடியது. திரும்பப் பதிந்தார்கள், சில வாரம் தாங்கியது, மறுபடி குழம்பியது. குழப்பத்தைத் தீர்க்க ரூபனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், ஒரு கட்டளையை எடுத்துவிடுவது. முதலில் டிவி போனது. அடுத்து விளக்கு. கடைசியில் விசிறியும் ஜெயமேரியும் மிஞ்சின. விசிறி வேண்டுமென்று குரல் கொடுத்த ஒரு நாள் அவளுக்கு அழைப்புப் போய்விட்டது. அந்தப் பக்கம் அவள், "என்னங்க, என்னங்க" என்று பதறினாள். ஒன்றுமில்லை என்றுதான் இவர் சொன்னார். அவள் காதில் முனகலாக விழுந்தது. காய்க் கூடையைப் போட்டது போட்டபடி விட்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடிவந்தாள்.

"விசிறியக் காலையிலேயே போட்டுட்டுப் போக்கா," என்று ரூபன் அதையும் எடுத்தான்.

இனி குழப்பமில்லை என்று நினைத்தார்கள். ஆனால் பங்கிராஸின் எல்லாச் சொல்லும் இப்போது ஒரே சத்தமாகிவிட்டிருந்தது. இருமினால் அழைப்பு. கொட்டாவி விட்டால் அழைப்பு. ஜெயமேரி நெஞ்சு பதற ஓடிவருவாள், இவர் சும்மா கிடப்பார். ஒரு சாயங்காலம் வாசலில் வேல்பாண்டி சொன்னது உள்ளே கேட்டது. "யக்கா, தோட்டத்துல சூப்பர்வைசர் சடைச்சுக்கிறாக. இன்னொருக்கா பாதியில போனா வேற ஆள் ஏத்திட்டு வரச் சொல்லிட்டாக. நான் என்ன செய்ய?"

மறுநாளிலிருந்து அழைப்பு வரவில்லை. ஜெயமேரி நிம்மதியானாள். ரூபன் ஏதோ சரிசெய்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள். ரூபன் அந்தப் பக்கமே வரவில்லை. இருமல் வந்தால் பங்கிராஸ் மூச்சை அடக்கினார். தாகமெடுத்தால் எச்சிலை விழுங்கினார். போனுக்குக் குழப்பம் வராமலிருக்க அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

ஒரு நாள் அவள் வந்து போர்வையை விலக்கியபோது, கால் முழுக்கக் கட்டெறும்பு. தோல் சிவந்து தடித்திருந்தது. கை கால்தான் அசையாதே தவிர, கடித்தால் எரியும் என்று அவளுக்குத் தெரியும். தட்டிவிட்டுக்கொண்டே அழுதாள்.

"ஒரு சத்தங் குடுத்தா என்ன? நான் என்ன செத்தா போயிட்டேன்?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார். அவளுக்கு விளங்கிவிட்டது.

விடிந்ததும் ஜீப் வந்து நின்றது. அவள் சோற்றுத் தூக்கை எடுக்கவில்லை. "இப்ப எனக்குக் கேக்கக் கூப்பிடுங்க. இல்லாட்டி நான் போகல," என்று கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பங்கிராஸ் அவளைப் பார்த்தார். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்து ஒரு சத்தம் எழுப்பினார். அவள் பைக்குள் போன் மணியடித்தது. அவள் முகம் தெளிந்தது. "இப்படித்தான் கூப்பிடணும், கேட்டீகளா? வேலை போனாப் போகுது," என்று சொல்லி, அவர் நெற்றியில் சிலுவை வரைந்துவிட்டு ஓடிப்போய் ஜீப்பில் ஏறினாள்.

ஜீப் கிளம்பிப் போனது. பங்கிராஸ் வாயை இறுக மூடிக்கொண்டார்.