ஞாயிற்றுக்கிழமை கட்டிய படங்கு

நாய்களுக்குக் கிழமை தெரியும் என்று இரண்டு வருடம் நம்பியிருந்தேன். விலங்குகளின் நடத்தையை ஆராய்வது என் தொழில். இலங்கை மலையகத்தில் லுணுகலைக்கு மேலே, நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அங்கே தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தின் நாய்கள் திங்கள் முதல் சனிவரை, கொழுந்தெடுக்கும் பெண்களுக்கு முன்னால் மலையேறும். தேநீர் வேளையில் ரொட்டித் துண்டு கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாசலிலேயே சுருண்டு கிடக்கும். ஆறு நாள் எண்ணி ஏழாம் நாள் ஓய்வெடுக்கும் நாய்! அதைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் பேச நாளும் குறித்தாகிவிட்டது.

ஆனால் என் குறிப்பேட்டில் ஒரு புதன்கிழமை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று பக்கத்து லயத்தில் சாவு. வழக்கப்படி யாரும் வேலைக்குப் போகவில்லை. நாய்களும் போகவில்லை. 'விதிவிலக்கு' என்று எழுதிப் பக்கத்தைத் திருப்பியிருந்தேன். பேச்சுக்கு நான்கு நாள் இருக்கையில் அது மறுபடி கண்ணில் பட்டது. நாய்க்குச் சாவுச் செய்தி யார் சொன்னார்கள்?

அம்மா இன்னும் கொழுந்தெடுக்கிறார். அவரிடம் கேட்டேன்.

"நாங்க படங்கு கட்டலையே. அதுக எதுக்குக் கெளம்புது?" என்றார் சாதாரணமாக. தேயிலைச் செடி சேலையைக் கிழிக்காமல் இருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சாக்குத்தான் படங்கு.

"இத ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"நீ நாயத்தானே பாத்துக்கிட்டு இருந்த. என்னயக் கேட்டியா?"

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. முதலில் அம்மாவை வெறும் சேலையோடு முற்றத்தைச் சுற்றி வரச் சொன்னேன். எங்கள் செவலை நாய் காதைக்கூட அசைக்கவில்லை. பிறகு படங்கைக் கட்டச் சொன்னேன்.

"ஞாயித்துக்கெழம யாராச்சும் படங்கு கட்டுவாங்களா? லயமே சிரிக்கும்டி" என்று முனகிக்கொண்டே கட்டினார்.

முடிச்சு விழுமுன்னே செவலை எழுந்து, உடம்பை முறித்து, மலைப்பாதையில் ஏறத் தொடங்கிவிட்டது. என் இரண்டு வருட உழைப்பு வாலை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நின்றேன். வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது, ஏனென்று அப்போது விளங்கவில்லை.

"நீயும் இப்படித்தான்" என்றார் அம்மா, முடிச்சை அவிழ்த்தபடி. "நடக்கத் தெரியாத வயசுல, நான் படங்கத் தொட்டாப் போதும், தவழ்ந்து வந்து காலப் புடிச்சுக்கிட்டு அழுவ. ஞாயித்துக்கெழம அழவே மாட்ட."

என் பேச்சுக்கு 'வாரக் கணக்கு' என்று போட்டிருந்த தலைப்பை அன்றைக்கே அடித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை கிளம்பும்போது படங்கை இரவல் கேட்டேன்.

"பல்கலைக்கழகத்துல இத என்னா செய்யப் போற?"

"காட்டணும்மா."

"இரு, தொவச்சுத் தாரேன்."

"வேணாம்மா, வாசம் போயிரும். செவலை இதக் கண்ணால பாத்துச்சா, மூக்கால புடிச்சுச்சான்னே இன்னும் தெரியல."