ஊற்றில் கழுவிய சைக்கிள் செயின்

எண்பத்து மூன்றாம் வருடம், சித்திரை மாதக் கடைசி. திருவண்ணாமலை தேரடித் தெருவில் என் அண்ணன் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். நானும் அங்கேதான் ஸ்பேனரும் கையுமாகக் கிடப்பேன். வயது இருபத்து நாலு. சைக்கிள் விஷயத்தில் எனக்குத் தெரியாதது எதுவுமே கிடையாது என்று ஒரு நினைப்பு. வாயும் கொஞ்சம் ஜாஸ்தி.

எங்கள் கடைக்கு அடிக்கடி வரும் ஒரு டிராயிங் வாத்தியார்தான் அந்த யோசனையைக் கிளப்பியவர். செய்யாற்றில் லாரி லாரியாக மணல் அள்ளிக்கொண்டு போகிறார்கள், கரை மரங்களையும் விட்டுவைப்பதில்லை என்று அவருக்கு மனசே ஆறவில்லை. கோர்ட்டுக்குப் போகலாம் என்றால் வக்கீல் செலவுக்குக் காசு வேண்டும். அதற்காக ஜவ்வாது மலை அடிவாரத்தில் கிளம்பி, செய்யாறு பாலாற்றில் சேரும் இடம் வரை சைக்கிளிலேயே போவது என்று முடிவு செய்தோம். தார் ரோட்டில் போனால் யார் மதிப்பார்கள்? ஆற்றங்கரை ஓரமாக, மாட்டு வண்டித் தடத்திலும் மணலிலுமாகத்தான் போக வேண்டும். அப்படிப் போய்க் காட்டினால் மைலுக்கு இவ்வளவு தருகிறோம் என்று கடைத்தெருக்காரர்கள் வாக்குக் கொடுத்தார்கள்.

வாத்தியார், பேங்கில் வேலை பார்த்த என் நண்பன், நான் என மூன்று பேர். மலை சுற்றும் பாதை அப்போதெல்லாம் பல இடங்களில் மண் பாதைதான். தினம் காலையில் அதில் ஓட்டிப் பழகினோம். கிளம்பும் அன்று மாலை போட்டு, பட்டாசு வெடித்து அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் என் சைக்கிள் நகர மறுத்துவிட்டது. செயினில் நான் தாராளமாகக் கிரீஸ் தடவியிருந்தேன். அதில் ஆற்று மணல் அப்பிக்கொண்டு பெடலைச் சுற்றவே முடியவில்லை. மணல் பாதைக்குக் கிரீஸ் ஆகாது என்பது சைக்கிள் கடைக்காரனான எனக்கே தெரிந்திருக்கவில்லை! மற்ற இருவரும் கரையில் புங்கமரத்து நிழலில் படுத்துவிட்டார்கள். நான் மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஆற்றுக்குள் இறங்கினேன். பொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஆறு வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடந்தது. நடுவில் ஒரு பள்ளம். அதைச் சுற்றி வேலிகாத்தான் முள் வெட்டிப் போட்டிருந்தது. ஆடு மாடு இறங்காமல் இருக்கப் போட்டிருப்பார்கள் என்று அதை இழுத்து ஓரமாகத் தள்ளினேன். உள்ளே தெளிந்த தண்ணீர். அடடா, என்ன அதிர்ஷ்டம் என்று தோன்றியது.

கேனில் வைத்திருந்த கிருஷ்ணாயிலைத் தகர மூடியில் ஊற்றி, செயினைக் கழற்றி ஊறப்போட்டுத் தேய்த்தேன். பிறகு பள்ளத்துத் தண்ணீரில் அதை நன்றாக அலசினேன். கையையும் அதிலேயே கழுவினேன். மிச்சமிருந்த கறுப்பு எண்ணெயைப் பள்ளத்தின் ஓரத்திலேயே கவிழ்த்தேன். செயின் பளபளவென்று ஆகிவிட்டது. அதை மாட்டிப் பெடலைச் சுற்றிப் பார்த்து விசிலடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் கரையிலிருந்து பெண்கள் வரிசையாக இறங்கி வந்தார்கள். எல்லார் இடுப்பிலும் குடம். முன்னால் வந்த அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். விலகிக் கிடந்த முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பள்ளத்தைப் பார்த்தார். தண்ணீர் மேல் நீலமும் சிவப்புமாக எண்ணெய் மிதந்தது. ஒரு கை அள்ளி முகர்ந்தார்.

"இன்னாப்பா பண்ணி வெச்சிருக்க?"

"செயினு கழுவினேன்க்கா."

"அடியே, எல்லாம் வந்து பாருங்கடி! நம்ம குடிக்கிற ஊத்துல கிருஷ்ணாயில ஊத்தி வெச்சிருக்கான்டி!"

அப்போதாவது வாயை மூடிக்கொண்டு காலில் விழுந்திருக்கலாம். நான்தான் மகா புத்திசாலி ஆயிற்றே! "ஆறு பூரா மணல்தானே கெடக்குது? பக்கத்துல இன்னொண்ணு தோண்டிக்கறதுதானேக்கா?" என்றேன்.

அந்த அக்கா கத்தவில்லை. "மூணு நாளா ஏழு எடத்துல தோண்டனோம். இது ஒண்ணுலதான் தண்ணி வந்துது. ஊர்க் கெணறு வத்திப் போயி ரெண்டு மாசமாவுது. முப்பது வூடு இத நம்பிக் கீது. வூட்டுக்கு ரெண்டு கொடம்னு முறை வெச்சு மொண்டுனு போறோம். இன்னொண்ணு தோண்டிக்கலாம்னு சொல்றியே, நீ தோண்டு. பார்க்கலாம்."

சத்தம் கேட்டு வாத்தியாரும் நண்பனும் ஓடி வந்தார்கள். வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். "நீங்கள்லாம் யாருங்க? எதுக்கு இங்க சைக்கிள் உட்டுனு திரியறீங்க?" என்று ஒரு பெண் கேட்டார். வாத்தியாருக்குப் பொய் சொல்லத் தெரியாது. "ஆத்தைக் காப்பாத்தறதுக்காகக் காசு சேக்கறோம்மா" என்றார்.

கொல்லென்று ஒரு சிரிப்பு எழுந்தது. "இந்தாளா? இந்தாளா ஆத்தக் காப்பாத்தப் போறாரு?" என்று ஒருவர் என்னைக் காட்டிக் கேட்க, குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அடி வாங்கியிருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. சிரிக்காமல் நின்றவர் ஒருவர்தான். "எம் பொண்ணு பெத்து எட்டு நாளாவுது. பச்ச ஒடம்பு. வெந்நீ வெக்கக்கூடத் தண்ணி இல்லியே" என்றார். என்னிடம்கூட அல்ல, காலிக் குடத்தைப் பார்த்துச் சொன்னார். அந்தச் சொல்லில் என் திமிர் எல்லாம் அடங்கிப் போயிற்று.

யாரோ மண்வெட்டி கொண்டுவந்தார்கள். முதலில் இறங்கியவன் நான். "கீழப் பக்கம் வேணாம், எண்ணெ அங்கதான் எறங்கும். மேலப் போ" என்றார் அந்த அக்கா. நாங்கள் மூவரும் மாறி மாறித் தோண்ட, பெண்கள் கூடையில் மணலை வாங்கிக் கொட்டினார்கள். திட்டியவர்களே வந்து கூடை பிடித்தார்கள். முதல் குழியில் மார்பளவு போயும் வெறும் கூழாங்கல். இரண்டாவது பாதியிலேயே சரிந்து வாத்தியாரின் கால்களை மூடியது. கை கொப்புளித்து மண்வெட்டிப் பிடியெல்லாம் ரத்தம். மூன்றாவதும் பொய்த்தால் அன்றைக்கு முப்பது வீட்டிலும் அடுப்பு எரியாது என்ற நினைப்பு என்னை நிறுத்த விடவில்லை. அண்ணாமலையாரே, என் மானம் போனாலும் போகட்டும், தண்ணீரைக் காட்டு என்று வேண்டிக்கொண்டே வெட்டினேன்.

பொழுது சாயும் நேரத்தில் காலடியில் மணல் ஜில்லென்றது. கொஞ்சம் கொஞ்சமாக ஈரம் கசிந்து குழியில் தண்ணீர் ஊறியது. மேலே குலவைச் சத்தம் கேட்டது. கலங்கல் தண்ணீரை இறைத்து இறைத்துக் கொட்டினோம். தெளிந்ததும் குடங்கள் நெருங்கும் என்று நான் மேலே ஏறி ஒதுங்கினேன். ஒரு குடமும் நகரவில்லை. அந்த அக்கா ஒரு சொம்பில் மொண்டு, நேரே என்னிடம் வந்தார்.

"இந்தா, குடி."

"எனக்கு எதுக்குக்கா? முதல்ல அந்தப் பச்ச ஒடம்புக்காரிக்குக் குடுங்க."

"எங்க ஊர்ல ஊத்து தோண்டனவங்கதான் மொதல்ல குடிக்கணும். அப்பறம்தான் கொடம் எறங்கும். நேரமாவுது, குடி."

"நான் கெடுத்தவன்க்கா."

"கெடுத்தது மத்தியானம். இப்போ தோண்டனது யாரு?"

வாங்கிக் குடித்தேன். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. அழுதேன் என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. எனக்குப் பிறகு வாத்தியாரும் நண்பனும் குடித்தார்கள். முதல் குடம் அந்தப் பிள்ளை பெற்ற பெண்ணின் வீட்டுக்குப் போயிற்று. யாரும் சொல்லாமலே புது ஊற்றைச் சுற்றி முள்ளை நானே இழுத்துப் போட்டேன். கிளம்பும்போது வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் எங்கள் தண்ணீர்க் கேனை நிரப்பித்தான் அனுப்பினார்கள்.

ஆறாம் நாள் பயணத்தை முடித்தோம். கடைத்தெருக்காரர்கள் சொன்னபடி பணம் தந்தார்கள், வழக்கும் போட்டோம். லாரிகள் சில காலம் நின்றன, பிறகு மறுபடியும் வந்தன. பாராட்டுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னபோது, மணலில் சைக்கிள் விட்ட பெருமையைப் பேசுவதாக இருந்தவன், இந்தக் கதையைத்தான் சொன்னேன். கடை மானமே போச்சு என்று அண்ணன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

அன்றைக்கு அவர்கள் என்னைக் கட்டிவைத்து அடித்திருந்தால், ஆற்றுக்காக அடிபட்டேன் என்று அதையும் ஒரு வீரக் கதையாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருப்பேன். அவர்களோ முறைப்படி என் பங்குத் தண்ணீரை எனக்குத்தான் முதலில் கொடுத்தார்கள். அந்தச் சொம்புக்கு நான் இன்னமும் நன்றி சொல்லித் தீரவில்லை.