தாடி ராஜாவின் கிரீடம்

அருங்காட்சியகத்தில் எல்லோரும் அவரைப் பூட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பூட்டு செய்தவரும் இல்லை, விற்றவரும் இல்லை. நாணய அறையின் காப்பாளர். சாயங்காலம் அறையைப் பூட்டியதும் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். பத்தடி நடப்பார். திரும்பி வந்து நாலாவது முறை இழுப்பார். வாசல் காவலாளிக்குக் கடிகாரமே தேவையில்லை. நாலாவது இழுப்புச் சத்தம் கேட்டால் மணி ஐந்தரை.

வீட்டிலும் இதே கதைதான். மருந்து வாங்கினால் சீட்டை இரண்டு கடையில் காட்டிச் சரிபார்ப்பார். கல்யாணமான புதிதில் மனைவி காய்ச்சலில் படுத்தபோது, தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, உதறி, "எதுக்கும் இன்னொரு தடவை வை" என்றாராம். "நான் செத்தாக்கூட, மூக்குல கண்ணாடி வச்சுப் பார்த்துட்டுத்தான் அழுவார்" என்று அந்த அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். சிரிப்பில் பாதிதான் சிரிப்பு.

பிறக்கும்போதே மனிதர் இப்படி இருந்திருக்க மாட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையோடு ஒரு பெரியவர் ஒரு வெள்ளிக் காசைக் கொண்டுவந்தார். காசில் இருந்த முகம் பழைய ராஜா ஒருவருடையது. கண், மூக்கு, மோவாய் எல்லாம் கனகச்சிதம். நம்மவர் அசல் என்று எழுதிக் கையெழுத்தே போட்டுவிட்டார். பிறகு வெளியூரிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் அதை அரை நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தார். முகம் அந்த ராஜாதான். தலையில் இருந்த கிரீடம் அவருக்கு நூறு வருஷம் பிந்தியது. கள்ள அச்சு அடித்தவன் முகத்துக்கு மெனக்கெட்டிருந்தான், கிரீடத்தில் கோட்டை விட்டிருந்தான். அந்தச் சிரிப்பு அவருக்கு ஆயுசுக்கும் போதுமானதாக இருந்தது.

அன்றிலிருந்து அவர் ராஜாக்களின் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். முகம் பொய் சொல்லும், பல்லில்லாத கிழவரையும் காசில் வாலிபனாக அடித்துவிடலாம், கிரீடம் மட்டும் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி. அவர் நாட்டை ஆண்ட முதல் ராஜாக்கள் தலையில் வெறும் முத்துப் பட்டிதான். அப்புறம் பூ முனைகள் வைத்த வளையம் வந்தது, மேலே திறந்தபடி. திறந்த கிரீடம் என்றால், நான் ராஜாதான், ஆனால் எனக்கு மேலே ஒரு சக்கரவர்த்தி இருக்கிறார் என்று அடக்கமாகச் சொல்வது. பிறகு ஒரு ராஜாவுக்கு ரோஷம் வந்தது. வளையத்தின் மேல் வளைவுகள் எழுந்து உச்சியில் ஓர் உருண்டையில் சேர்ந்தன. மூடிய கிரீடம். எனக்கு மேலே ஆகாயம்தான், வேறு எவனும் இல்லை என்று அர்த்தம். காசிலும் கேடயச் சின்னத்திலும் முத்திரையிலும் அந்த வளைவு ஏறிவிட்டால் பக்கத்து நாட்டில் படை திரட்டுவார்களாம். ஒரு கோடு செய்கிற வேலை!

அந்த ரோஷம், தாடி ராஜா என்று பேர் வாங்கிய பழைய ராஜா ஒருவரின் பேரனுக்குத்தான் வந்தது, அதற்கு முன்னால் யாருக்கும் இல்லை என்று பூட்டுக்காரர் எழுதிவைத்திருந்தார். தாடி ராஜா காசு உலகத்தில் அந்த ஒரே அறையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆற்றுமணலில் கிடைத்த வெள்ளிக் காசு, எண் 212. அதைப் பார்த்து முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால் அவரே படம் வரைந்தார். அந்தக் காலத்தில் அங்கே போட்டோ கிடையாது, பதிவேட்டில் பென்சில் படம்தான். அந்தப் படத்தை வைத்துத்தான் கூடத்துச் சுவரில் ஏழு கிரீடங்களின் வரிசை தொங்குகிறது. பள்ளிப் புத்தகத்திலும் அதுதான்.

பழைய சுங்கச் சாவடியின் வாசல் கல்லில் தாடி ராஜாவின் சிங்கக் கேடயத்துக்கு மேல் மூடிய கிரீடம் செதுக்கியிருக்கும். "அது பின்னாடி ரிப்பேர் பார்த்த மேஸ்திரி பண்ணின கோளாறு" என்று ஒரே போடாகப் போட்டு அதை ஒதுக்கிவிட்டார். கடைத்தெருவில் போகும்போது பிஸ்கட் டப்பா, ஹோட்டல் பலகை, பித்தளைப் பொத்தான் எதில் கிரீடம் இருந்தாலும் நின்று முத்துக்களை எண்ணுவார். "முதல் ராஜாவோட சிங்கத்துக்கு மேல அஞ்சாவது ராஜா கிரீடமா?" என்று ஒரு ஹோட்டல் முதலாளியிடம் சண்டைக்கே போயிருக்கிறார்.

இப்படிப்பட்டவர்தான் தன் தங்கை புருஷனை அதே அருங்காட்சியகத்தில் வேலைக்குச் சேர்த்துவிட்டார். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், தங்கை அழுததற்காக. மாப்பிள்ளைக்குச் சுத்தம் செய்யும் அறையில் வேலை. பழைய காசு, வாள்பிடி, வளையல் எதுவானாலும் பல நாள் ஊறவைத்து, மூங்கில் குச்சியாலும் மெல்லிய பிரஷ்ஷாலும் அழுக்கெடுப்பது. பேச்சு குறைவு, கை பக்குவமானது. வேலைக்கு வந்த முதல் நாள் சாயங்காலம் பூட்டுக்காரர் எல்லோர் எதிரிலும் அவருடைய சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்தார். "தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. நாளைக்கு யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லிடக் கூடாது பாருங்க" என்றார். மாப்பிள்ளை, "பாருங்க மச்சான்" என்று மூடியையும் திருப்பிக் காட்டினார். அதற்குப் பிறகு டப்பாவை யாரும் திறக்கவில்லை. ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்ப்பது நிற்கவில்லை.

இந்த வருஷம் புதுக் கூடம் திறக்க வேண்டும், எல்லாக் காசையும் போட்டோ எடுக்க வேண்டும் என்று இயக்குநர் அம்மா சொன்னார். 212-இன் மேல் ஓரத்தில் கறுப்பாக மண் இறுகிப்போயிருந்ததால் அதைச் சுத்தம் செய்ய அனுப்பினார்கள். மூன்று வாரம் கழித்து மாப்பிள்ளை அதைப் பஞ்சில் வைத்துக் கொண்டுவந்தார். பளிச்சென்று இருந்தது. பூட்டுக்காரர் லென்ஸை வைத்துப் பார்த்தார். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

தாடி ராஜாவின் தலையில் மூடிய கிரீடம் இருந்தது. இரண்டு வளைவு, உச்சியில் உருண்டை.

தராசில் வைத்தார். பதிவேட்டில் இருந்ததைவிடக் கொஞ்சம் எடை குறைவு. அழுக்குக்கு இவ்வளவு எடையா என்று கேட்டுக்கொண்டார். காசின் விளிம்பில் ஒரு வெட்டு உண்டு, தாடிக்குக் கீழே, அடித்த அச்சே விரிந்திருந்ததால் விழுந்த விரிசல் கோடு ஒன்று உண்டு. இரண்டும் படத்தில் வரைந்தபடி அப்படியே இருந்தன. வேறொருவராக இருந்தால் இதே காசுதான் என்று நிம்மதியாகியிருப்பார். இவருக்கோ மூக்கில் வியர்த்தது. அசலை அமுக்கிவிட்டுப் போலியைக் கொண்டுவந்து வைத்தாயிற்று, என்ன சாமர்த்தியம்! வெட்டையும் விரிசலையும் கூட அசலைப் பார்த்து அடித்திருக்கிறான். கிரீடத்தில்தான் எல்லாக் கள்ளனும் கோட்டை விடுவான், இவனும் விட்டுவிட்டான். நல்லதற்கு ஒரு சாட்சி கிடைத்தால் அதையும் கெட்டதற்கே இழுத்துக்கொண்டு போகிற புத்தியை என்ன சொல்வது?

ஒரு வாரம் அவர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை யாரோடு டீ குடிக்கிறார், எந்த வழியாக வீட்டுக்குப் போகிறார் என்று பின்னாலேயே பார்த்தார். மாப்பிள்ளை பல் வைத்தியர்களுக்குச் சாமான் விற்கும் கடையில் நுழைந்து ஒரு பொட்டலம் வாங்கினார். அதையும் பூட்டுக்காரர் தன் சந்தேகத்தோடு முடிச்சுப் போட்டுக்கொண்டார். அச்சு எடுக்கிற பிளாஸ்டர், வேறென்ன? எட்டாம் நாள் இயக்குநர் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மா மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். "நீங்க வாங்கிட்டுப் போன காசு இதுதானா?"

"என்கிட்ட கொடுத்த காசு இதுதான் மேடம்."

"அப்போ படத்துல கிரீடம் வேற மாதிரி இருக்கே?"

மாப்பிள்ளை ஒரு முறை மச்சானைப் பார்த்தார். "அது எனக்குத் தெரியாது மேடம்" என்றார்.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று கடிதம் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு ஓய்வு பெற எட்டு மாதம்தான் இருந்தது. திருட்டுப் பட்டத்தோடு போனால் பென்ஷனும் கிடையாது, தெருவில் முகமும் கிடையாது. பூட்டுக்காரர் அன்று வீட்டில் சாப்பிடவில்லை. "உங்க தங்கச்சி இனிமே இந்தப் படி ஏறுவாளா?" என்று மனைவி கேட்டார். "நான் என் கடமையைச் செஞ்சேன்" என்றார். மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் கொடுத்த பதினோராம் நாள் காலையில் தங்கை போன் செய்தாள்.

"அண்ணா, அசல் காசு எங்க வீட்லதானே இருக்கணும்? வந்து தேடு. அவர் கடைக்குப் போயிருக்கார். இப்பவே வா."

அவர் போனார். சமாதானம் பேசப் போனதாகப் பிறகு சொல்லிக்கொண்டார். பொய். சட்டைப்பையில் லென்ஸும் கைத்தராசும் இருந்தன.

இரண்டு அறை வீடு. தங்கை பீரோவைத் திறந்தாள், சமையலறை டின்களைத் திறந்தாள், தலையணை உறையைக்கூட உருவிப் போட்டாள். "தேடு, தேடு" என்றாள். அவருக்குக் கூச்சமாகத்தான் இருந்தது, ஆனாலும் கண் கட்டிலுக்கு அடியில் போனது. அங்கே வரிசையாகப் பெட்டிகள். காலணி வைத்து விற்கும் அட்டைப்பெட்டிகள், நாற்பதுக்குக் குறையாது.

"அது என்ன?"

"அதைப் பார்க்கத்தானே உன்னைக் கூப்பிட்டேன்" என்று அவள் கடைசிப் பெட்டியைக் காலால் தள்ளினாள்.

உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பிளாஸ்டர் வில்லைகள், ஒவ்வொன்றும் பழைய காகிதத்தில் சுற்றி. காசைக் களிமண்ணில் அழுத்தி வார்த்த அச்சுகள். முதுகில் பென்சிலால் எண், தேதி. ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு: சுத்தம் செய்யும் முன், செய்த பின். அவர் 212-ஐத் தேடி எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

சுத்தம் செய்யும் முன் எடுத்த அச்சில் விளிம்பு வெட்டு இருந்தது, தாடி விரிசலும் இருந்தது. தலைக்கு மேலே, படத்தில் அவர் வெறுமையாக விட்ட இடத்தில், ஒரு மண் கட்டி புடைத்துக்கொண்டிருந்தது. இதையும் அப்புறம் செய்திருக்கலாமே என்று அந்த நேரத்திலும் அவர் புத்தி எழுந்தது. லென்ஸை இன்னும் நெருக்கினார். மண் கட்டியின் மேல் மயிரிழை போல ஒரு கீறல், நுனியில் கொக்கி மாதிரி வளைந்து.

அது ஊசிக் கீறல். முப்பத்து நாலு வருஷத்துக்கு முன்னால், கட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அவரே சுரண்டிப் பார்த்தது. வெள்ளியில் கீறல் விழுந்துவிடுமோ என்று பயந்து கையை எடுத்துவிட்டார். அந்த ஊசியைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. பிறகு உட்கார்ந்து திறந்த கிரீடமாக வரைந்தார். தாடி ராஜா காலத்தில் வேறு மாதிரி இருக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். பார்த்ததை அவர் வரையவில்லை. தெரிந்ததை வரைந்துவிட்டார். ஊரில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர், தன் பென்சிலை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லை.

சுவரில் தொங்கும் ஏழு கிரீடங்கள் ஞாபகம் வந்தன. சுங்கச் சாவடிக் கல் ஞாபகம் வந்தது, செத்துப் போய் எத்தனையோ காலமான அந்த மேஸ்திரியும் ஞாபகம் வந்தார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

கதவருகே மாப்பிள்ளை பையோடு நின்றுகொண்டிருந்தார். பெட்டி வெளியே இருப்பதைப் பார்த்து மனைவி பக்கம் திரும்பினார். "காட்டாதேன்னு சொன்னேனே."

"நீங்க சும்மா இருங்க" என்று அவள் சீறினாள். "பென்ஷன் போனாலும் பரவாயில்ல, மச்சான் மானம் போகக் கூடாதாம். நல்ல மச்சான்!"

"மாப்பிள்ளை," என்றார் பூட்டுக்காரர், "இதை அன்னைக்கே மேடத்துக்கிட்ட காட்டியிருக்கலாமே?"

"காட்டினா உங்க படம் தப்புன்னு ஆயிடும். அந்தப் படத்தை வச்சுத்தானே மச்சான் அங்க எல்லாமே இருக்கு."

"இப்படி அச்சு எடுக்கணும்னு ஆபீஸ்ல விதி எதுவும் கிடையாதே. எதுக்காக எடுத்தீங்க?"

மாப்பிள்ளை பையை ஆணியில் மாட்டினார். தங்கை குனிந்து, சுவரோரம் இருந்த முதல் பெட்டியை இழுத்து, மேலே இருந்த வில்லையை எடுத்து அண்ணன் கையில் வைத்தாள். மஞ்சள் பாரித்திருந்தது. அவர் திருப்பித் தேதியைப் பார்த்தார். மாப்பிள்ளை வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் நாள்.

முதல் நாள்தான் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பார்த்திருந்தார்.

"என்னைக்காவது கேட்பீங்கன்னு தெரியும் மச்சான்" என்றார் மாப்பிள்ளை. அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை என்று பூட்டுக்காரருக்குத் தோன்றியது.

மறுநாள் அவர் பதிவேட்டையும் இரண்டு வில்லைகளையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அம்மாவிடம் போனார். ஊசிக் கதை உட்பட எதையும் மறைக்கவில்லை. படத்துக்குக் கீழே, மண் மூடியிருந்த இடம் ஊகத்தால் வரையப்பட்டது, தவறு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏணி போட்டு ஏழு கிரீடங்களின் வரிசையைத் தன் கையாலேயே இறக்கினார். வேலைக்குத் திரும்ப வரச் சொல்லி மாப்பிள்ளைக்குக் கடிதம் போயிற்று.

மாப்பிள்ளை வந்த அன்று பூட்டுக்காரரே ஒரு செப்புக் காசை எடுத்துக்கொண்டு சுத்தம் செய்யும் அறைக்குப் போனார். ஒரு வாரமாக மனசுக்குள் ஒத்திகை பார்த்த வார்த்தைகள் நாலைந்து இருந்தன. மாப்பிள்ளை காசை வாங்கினார், எண்ணைப் பார்த்தார், மேஜை இழுப்பறையிலிருந்து களிமண்ணை எடுத்துப் பிசையத் தொடங்கினார்.

"இனிமே அது எதுக்கு மாப்பிள்ளை?"

"இருக்கட்டும் மச்சான்" என்றார் அவர், காசைக் களிமண்ணில் அழுத்தியபடி. "இன்னும் எட்டு மாசம்தானே."