அதே வேங்கை

எங்கள் தொழிலில் மரம் வளர்ப்பவன் கையில் மண் ஒட்டியிருந்தால் காரியம் கெட்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், ஏசி அறைக்குள், மூலிகை மரங்களின் தளிரைக் கண்ணாடிக் குப்பியில் வைத்துக் கன்றாக்குகிறோம். திசு வளர்ப்பு என்று பெயர். குப்பியைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன சகாக்களே, நம் பாடு உங்களுக்குத் தெரியாததா?

வாய்ப்பூட்டு

திறந்த குப்பிக்கு முன்னால் பேசினால் கிருமி இறங்கிவிடும். எங்களிடம் இருப்பதிலேயே நிதானமான கை ஸ்டெல்லாவுக்கு. ஓயாத வாயும் அவளுக்கே. ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"ஊட்ல மாமியார் பேசுது, இங்க நீங்க பேசறீங்க. நான் எங்கதான் சார் பேசறது?"

சாணி வைத்த கிளை

எளாவூர்ப் பக்கமிருந்து முனிரத்தினம் என்ற பெரியவர் வந்தார். அவர் விற்ற நிலத்தில் கம்பெனி வருகிறது. வரப்பில் நின்ற வேங்கையை அன்று காலைதான் வெட்டிவிட்டார்கள். முன்பு வெட்டிய அதன் பெருங்கிளையில் குடைந்த குவளையில் ஊறிய தண்ணீரைத்தான் சர்க்கரை நோய்க்காக அவர் மனைவி கடைசிவரை குடித்தாராம். வேறு வேங்கைக் கன்று தருகிறேன் என்றேன். அந்த மரமேதான் வேண்டுமாம். கொண்டுவந்த கிளைகளின் வெட்டுவாயில் தாராளமாகச் சாணி அப்பியிருந்தார். கிருமிகளுக்கு அதைவிட விருந்து ஏது? எனக்குத் தலை சுற்றியது.

"வெட்டுன எடம் எரியும்ல சார்? அதான் சாணி வச்சிகினு வந்தேன்."

மிஞ்சிய ஒன்று

கழுவினோம், மருந்தில் முக்கினோம், தளிர்களைக் கிள்ளிக் குப்பிகளில் வைத்தோம். அப்படியும் குப்பி குப்பியாகப் பூஞ்சை பிடித்தது. ஒன்றே ஒன்று மிஞ்சியது. வேங்கைக்கு இன்னொரு தொல்லை: வெட்டிய இடத்தில் கசியும் தன் சாற்றிலேயே தளிர் கறுத்துச் செத்துப்போகும். ஸ்டெல்லா அதை அடிக்கடி புதுக் குப்பிக்கு மாற்றினாள், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு. வேர் மட்டும் வரவில்லை. பெரியவருக்கு என்ன பதில் சொல்வது என்று எனக்குப் பயமாகவே இருந்தது. ஒருநாள் காலையில் குப்பியின் அடியில் வெள்ளை நூல் மாதிரி ஏதோ தெரிந்தது. ஸ்டெல்லா வெளியே ஓடிவந்து முகமூடியைக் கழற்றினாள்.

"வேர் உட்டுச்சி சார்! இப்ப கத்தட்டுமா?"

வெளிக்காற்று

குப்பியில் வளர்ந்தது செல்லப்பிள்ளை. காற்றுப் பட்டாலே வாடிவிடும். தொட்டி மண்ணுக்கு மாற்றி, மேலே மூடிய பாலிதீன் உறையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பழக்கி, ஒருவழியாகப் பெரியவர் கையில் கொடுத்தோம். வீட்டு வாசலில் நடப்போகிறாராம். அச்சு அசல் அதே மரம் என்று பெருமையடித்துக்கொண்டேன். அவர் இலையைத் தடவினார். "அதேதான் சார். ஆனா அதுக்கு என்னியத் தெரியாதே," என்றார். பதில் சொன்னவள் ஸ்டெல்லாதான்.

"நான்தான் நைனா இது முன்னாடி வாயே தொறக்கல. நீங்க தெனம் பேசிக்கினு இருங்க, தெரிஞ்சிக்கும்."

ஒரு மரத்தை அப்படியே இன்னொரு மரமாக்கிக் கொடுப்பதுவரைதான் எங்கள் பொறுப்பு; பழகிக்கொள்வதை வாங்கிப்போகிறவர்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.