பெரியப்பாவுக்கு எடுக்காத படம்

எம்.ஆர்.ஐ. எந்திரத்துக்குள் படுப்பவர் கையில் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து, பயமாயிருந்தால் அமுக்கச் சொல்வோம். பெரியப்பா அதை மூன்றாவது நிமிடத்திலிருந்தே அமுக்கிக்கொண்டிருந்தார். நாங்குநேரி தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், யாரிடமும் எதற்கும் கெஞ்சாதவர், அன்று என்னிடம், "ஏட்டி, மூச்சு முட்டுது, எறக்கி விடுட்டி" என்று கெஞ்சினார்.

அவருக்கு இடது கை விரல்களில் ஒரு மதமதப்பு தொடங்கும். பைய முழங்கைக்கு ஏறி, உதட்டோரம் வந்து, பத்து நிமிடத்தில் போய்விடும். பக்கவாதத்துக்கு முன்னறிகுறியோ என்று சந்தேகப்பட்டு, பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கே டாக்டர் அனுப்பியிருந்தார். கடைசிப் படம் ஒன்று பாக்கி இருந்தது. மூளையில் எப்போதோ கசிந்த ரத்தத்தின் கறையை அந்த ஒரு படம்தான் தெளிவாகக் காட்டும். ஐந்து நிமிடம் பிடிக்கும். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வேண்டியவர்கள் உள்ளே கிடந்து தவித்தால் அந்தக் கடைசிப் படத்தை விட்டுவிடுவோம். சொந்தப் பெரியப்பாவுக்குச் செய்யாத சலுகையா என்று வெளியே இழுத்துவிட்டேன். அறிக்கை எழுதும் டாக்டரிடம், "அசஞ்சுக்கிட்டே இருந்தாங்க, கடைசிப் படம் எடுக்க முடியல டாக்டர்" என்று கூசாமல் சொன்னேன். மற்ற படங்களில் பெரிதாக ஒன்றுமில்லை. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று மாதம் வேளை தவறாமல் போட்டார். ஒரு நாள் காலையில் பல் விளக்கும்போது விழுந்தார். மூளையின் வலப்பக்கம் ரத்தக்கசிவு. மறுபடியும் என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். அரை மயக்கத்தில் இருந்தவருக்குப் பந்தைப் பிடிக்கவே தெரியவில்லை. அந்த ஐந்து நிமிடப் படத்தை இப்போது எடுத்தேன். மூளையின் ஓரமெங்கும் மிளகுத்தூளைச் சிதறியதுபோலக் கரும்புள்ளிகள். மடிப்புகளின்மேல் பழைய ரத்தம் கோடாகப் படிந்திருந்தது.

நரம்பியல் டாக்டர் அதைப் பார்த்ததும், செரிப்ரல் அமிலாய்டு ஆஞ்சியோபதி என்றார். மூளையின் சிறு ரத்தக்குழாய்ச் சுவர்களில் ஒரு புரதம் படிந்து, குழாய்கள் நைந்துபோகும் நோய். மூளைத் துணுக்கை எடுத்துச் சோதித்தால்தான் முழு நிச்சயம். உயிரோடிருப்பவருக்கு இந்தப் புள்ளிகளையும் கோடுகளையும் வைத்துத்தான் அநேகமாக இதுதான் என்று சொல்ல முடியும். "இந்தப் படம் மொதல்லயே இருந்தா அந்த மாத்திரைய யாரும் குடுத்திருக்க மாட்டாங்கம்மா" என்றார். மாத்திரை இல்லாவிட்டாலும் கசிந்திருக்கலாம் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பேச்சைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பார்த்தேன், முடியவில்லை. வீட்டில் இன்றுவரை யாரிடமும் நான் சொல்லவில்லை.

பெரியப்பா பிழைத்துவிட்டார். பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. இலையின் வலப்பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "பொரியல் வைக்கலியா?" என்பார். பெரியம்மா இலையைத் திருப்பி வைப்பாள். நான் போனால் அவருக்கு இடப்பக்கமாகவே உட்காருவேன்.

போன வாரம் பக்கத்துவீட்டு அண்ணாச்சி பார்க்க வந்திருந்தார். ஸ்கேன் பேச்சு வந்தது. "அந்த மிஷினுக்குள்ள உசிரு போவுத மாதிரி இருந்துச்சு வே" என்றார் பெரியப்பா. "எந்தம்பி மவதான் மனசெரங்கி வெளிய எடுத்தா. பெத்த பிள்ளகூட அப்படிச் செய்யாது."

அவருடைய இடது கைக்குப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருந்தேன்.