முன்சக்கரத்துக்கு ஓர் அளவு

வயிற்றில் எட்டு மாதம். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் நடக்கத் தோன்றும், நடந்தால் வாசலில் நிற்கும் காரின் டயர் கண்ணில் படும். நான்கும் மொட்டை. ஒன்றில் உள்ளிருந்த கம்பி, நைந்த காலரில் நூல் பிரிந்தது போல வெளியே தெரிந்தது. தையல் மெஷினில் உட்கார்ந்து யாருடைய ஜாக்கெட்டுக்காவது கை பொருத்திக்கொண்டிருப்பேன். பாதியில் எழுந்து போய் அந்த டயரை ஒருமுறை பார்த்துவிட்டு வருவேன். நான் பார்த்து அது வளரப்போவதில்லை. ஆனாலும் போவேன்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். டயகமவுக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் ரோட்டில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் பாறையும் மழைத்தண்ணீர் ஓடும் கானும், மறுபக்கம் பள்ளம். கொழுந்து ஏற்றும் லொறி அதில் ஒரே திருப்பில் திரும்பாது. முன்னே போய், பின்னே வந்து, மறுபடி முன்னே போக வேண்டும். எனக்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு பிள்ளை. வலி எடுத்து அம்மாவை அந்த லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மழை. வளைவில் முன்னும் பின்னுமாக எடுத்தபோது சக்கரம் வழுக்கிக் கானுக்குள் இறங்கிவிட்டது. ஆட்கள் கூடித் தள்ளி எடுப்பதற்குள் அண்ணன் கொழுந்துச் சாக்கின் மேல் பிறந்து, அங்கேயே இறந்தும் போனான்.

அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எங்களுக்குப் பக்கத்துக் காம்பராவில் இருந்த பெரியம்மா சொல்லித்தான் தெரியும். அம்மா எங்கே போனாலும் தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் படியில்தான் போவாள். "ஏம்மா, முட்டி வலிங்கிற, ரோட்டுல வந்தா என்ன?" என்று கேட்டால், "படிதான் கிட்ட" என்பாள்.

இனி காருக்கு வருகிறேன். என் கணவர் நுவரெலியாவில் ஒரு கராஜில் மெக்கானிக். சுற்றுலா வருகிறவர்கள் ஏறி உட்கார்ந்து படம் பிடித்துக்கொள்ள யாரோ செய்து வைத்து, பிறகு வேண்டாமென்று தள்ளிவிட்ட வண்டியை இவர் இழுத்துக்கொண்டு வந்தார். வெளியே பழைய காலத்து ஸ்போர்ட்ஸ் காரின் உருவம், பைபர் உடம்பு, இரண்டே சீட், மேலே கித்தான் கூரை. உள்ளே இருப்பது ஆமை முதுகு மாதிரி வளைந்த பழைய ஜெர்மன் காரின் சேஸியும் இன்ஜினும். "ரெப்ளிகா" என்பார், சாமி பெயரைச் சொல்வது போல. லயத்தில் அதற்குப் பெயர் சோப்புப் பெட்டி. 'ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க' என்று அவர் காதில் விழும்படியே நான் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அது நாடே பெட்ரோலுக்கு வரிசையில் நின்ற காலம். மேல் லயத்து ஆட்டோ அகரப்பத்தனையில் பெட்ரோல் ஷெட் வாசலிலேயே கிடந்தது. எங்களிடம் கோழிக்கூட்டுக்குப் பின்னால் ஒரு கேன் பெட்ரோலும் இந்தச் சோப்புப் பெட்டியும் இருந்தன. அதை விட்டால் கொழுந்து லொறி. "செத்தாலும் லொறியில ஏற மாட்டேன்" என்று அவரிடம் சொன்னேன். எதற்கும் சிரிக்கிற மனுஷன் அதற்குச் சிரிக்கவில்லை.

வெளிநாட்டு டயர் வருவதும் அப்போது நின்றிருந்தது. தலவாக்கலையில் கேட்டார், நுவரெலியாவில் கேட்டார், அந்த சைஸ் எங்கேயும் இல்லை. என்னதான் அந்தச் சைஸ் என்று கேட்டேன். பழைய டயரின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைத் துடைத்துக் காட்டினார்: 165/80, பிறகு 15. முதல் எண் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது பக்கச் சுவரின் உயரம், அதுவும் அகலத்தில் இத்தனை சதவீதம் என்று. மூன்றாவது நடுவில் இருக்கிற ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே வரிக்குள் மூன்று விதமான கணக்கைப் போட்டவன் கையில் கிடைத்தால் இஞ்சிடேப்பாலேயே நாலு விளாசலாம் என்றிருந்தது.

கடைசியில் ஹட்டனில் ஒரு டயர்க்கடை முஸ்லிம் நானாவிடம் நான்கு டயர் இருப்பதாகத் தகவல் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று அவர் சொல்லச் சொல்ல நானும் ஏறிப் போனேன். வீட்டில் இருந்து நகத்தைக் கடிப்பதற்கு அங்கே போய்க் கடிக்கலாம். டயர் நல்ல டயர்தான், அதிகம் ஓடாதது. ஆனால் எழுதியிருந்தது 195/65. ரிம் மட்டும் அதே 15.

"ரிம்மு ஒண்ணுதான் தங்கச்சி. உயரமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். அகலம் மட்டும் கொஞ்சம் கூட. ரோட்டை நல்லாப் புடிச்சுக்கும்" என்றார் நானா.

என் கணவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பெண் பார்க்க வந்த அன்று என்னைக்கூட அப்படிப் பார்க்கவில்லை. "அசல் வண்டியில இப்பிடித்தான் அகலமா இருக்கும் புள்ள" என்றார்.

"அசல் கிடக்கட்டும். நம்ம வளைவுல திரும்புமா?"

"ஏன் திரும்பாம? ஹட்டன் ரோட்டுல இல்லாத வளைவா?"

பூட்டிக்கொண்டு கிளம்பினோம். வழி முழுக்க ஒரு சத்தம் இல்லை. அவர் விசிலடித்துக்கொண்டே ஓட்டினார். எங்கள் வளைவுக்கு வந்து ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தார். கரகரவென்று முன்னால் ஒரு சத்தம், ரப்பர் தேய்கிற நாற்றம். டயர் மட்காட்டின் உள்பக்கத்தில் போய் உரசி, அதற்கு மேல் திரும்ப மறுத்துவிட்டது. பின்னே எடுத்துத்தான் திருப்ப வேண்டும். பின்னால் பள்ளம். அவர் ரிவர்ஸ் கியரைப் போட்ட சத்தம் கேட்டதும் நான் கதவைத் திறந்து இறங்கிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேட்டில் நடந்தே வீட்டுக்குப் போனேன். கோபத்தில் மூச்சு வாங்கியதா, மூச்சு வாங்கியதால் கோபமா, தெரியவில்லை.

அவர் முன்னும் பின்னுமாக எடுத்துக் காரை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய பிறகும், அன்று சாயங்காலம் வாசலுக்கும் அடுப்புக்கும் நடையாய் நடந்தேன். மெஷினில் ஒரு ஜாக்கெட் கை பொருத்தாமல் பாக்கியாகக் கிடந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வந்தது. கையைத் தொங்கவிட்டு நிற்கிறவளுக்கு அளவெடுத்துத் தைத்தால் ஜாக்கெட் கண்ணாடி முன்னால் அழகாகத்தான் இருக்கும். மறுநாள் மலையில் கொழுந்துக்குக் கையை நீட்டினால் அக்குளில் பிய்த்துக்கொள்ளும். அதனால் யார் வந்தாலும் கையைத் தூக்கச் சொல்லித்தான் நான் அளவெடுப்பேன். எங்கள் ஜாக்கெட்டுக்குத் தெரிந்த இது டயருக்குத் தோன்றாமல் போயிற்றே! கடையில் கார் நேராக நின்றபோது பார்த்து, பொருந்துகிறது என்று வாங்கிவிட்டோம்.

அவரை வாசலுக்குக் கூப்பிட்டு, ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடிக்கச் சொன்னேன். நான் குனிய முடியாது. அவர் குனிந்தார்.

"டயருக்கும் மட்காட்டுக்கும் நடுவுல எத்தனை விரல் போகுது?"

"ஒரு விரலும் போகல."

"பின்னாடி சக்கரத்துல?"

"கையே போகுது. பின் சக்கரம் திரும்பாதே, புள்ள." சொல்லிவிட்டு முன் மட்காட்டைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "முன் மட்காட்டைக் கொஞ்சம் வெட்டிரலாமா?" என்றார்.

"சட்டை பத்தலன்னா கையை வெட்டுவீங்களா?"

பின்னால் அவர் ஆசை, முன்னால் என் பயம் என்று முடிவாயிற்று. பின் சக்கரத்தில் அகல டயர் இருக்கட்டும். முன்னால் பழைய அளவிலேயே இரண்டு வேண்டும். வட்டகொடை ஸ்டேஷன் பக்கம் ஒருவர் வீட்டில் அதே அளவு டயரோடு ஓடாத கார் ஒன்று கொட்டகையில் நிற்பதாக யாரோ சொல்ல, பெட்ரோலைச் செலவழிக்காமல் ரயிலிலும் பஸ்ஸிலுமாகப் போய்வந்தார். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். ஆனால் அவர் இரண்டு டயரையும் இரண்டு தோளிலும் மாட்டிக்கொண்டு மழையில் மேடேறி வந்ததைப் பார்த்தபோது, இந்த மனுஷனை இத்தனை நாள் இவ்வளவு திட்டியிருக்க வேண்டாம் என்று தோன்றியது. எங்கேயாவது வெடிப்பு இருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்த்துப் பூட்டினார். முன்னால் கொக்குக் கால், பின்னால் யானைக் கால் என்று லயமே சிரித்தது. வளைவுக்குப் போய்த் திருப்பிப் பார்த்துவிட்டு வந்து, "ஒரே திருப்பு" என்றார். அவரை நான் நம்பினேன். வளைவைத்தான் நம்பவில்லை.

வலி எடுத்தது ஒரு காலையில், பெரட்டில் பேர் கொடுத்துக் கலைந்து ஆட்கள் மலைக்கு வேலைக்குப் போன பிறகு. பனியும் மழையும் சேர்ந்து அடித்தது. அம்மா துணிமூட்டையைக் கட்டி வைத்தாள், என் தலையை வாரிவிட்டாள். இரண்டு சீட் வண்டியில் அவளுக்கு இடம் இல்லை. அவர் காரை ஸ்டார்ட் செய்துகொண்டிருக்கும்போதே அம்மா பின்வாசல் வழியாக எங்கோ போய்விட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வலியில் துடிக்கிற மகளை ஏற்றிவிடக்கூட நிற்காமல் அப்படி என்ன அவசரம் இவளுக்கு!

கார் இறங்கியது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வளைவு நெருங்க நெருங்க வலியைவிடக் காதுதான் கூர்மையாயிற்று. பனிக்குள் பாறையோரமாக யாரோ நிற்பது தெரிந்தது. கிட்டே போனதும்தான் அடையாளம் தெரிந்தது. அம்மா. தலையில் சாக்கு. படியில் இறங்கி எங்களுக்கு முன்னால் வந்துவிட்டிருக்கிறாள். இரண்டு கையாலும் ஒரு பெரிய கல்லை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள். வண்டி வழுக்கினால் சக்கரத்துக்கு அடியில் அண்டை கொடுக்க.

அவர் காரை மெதுவாக்கினார்.

"நிக்காதீங்க மாப்ள! நிக்காதீங்க! போங்க, போங்க!" என்று அம்மா கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அவர் ஸ்டியரிங்கைக் கடைசி வரை ஒடித்தார். ஒரு சத்தமும் இல்லை. கார் ஒரே திருப்பில் திரும்பி இறங்கியது.

மகள் அன்று மத்தியானம் நுவரெலியாவில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிறந்தாள். கிடைத்த பஸ்களில் மாறி மாறி ஏறி அம்மா சாயங்காலம் வந்து சேர்ந்தாள். பிள்ளையை நீட்டினேன். கையைக் கழுவிட்டு வந்து வாங்கிக்கிறேன் என்று போனவள் வெகுநேரம் வரவில்லை. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அத்தை அழுதுகிட்டு நிக்கிறாங்க, கூட்டிட்டு வரவா என்று கேட்டார்.

"வேணாம். அழட்டும் விடுங்க" என்றேன்.